மலைச் சாலையும் முன் பிரேக்கும்



ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கி, கொஸ்லந்தையைக் கடந்து, தியலும நீர்வீழ்ச்சியின் அடிவாரம் வழியாக வெல்லவாயவைச் சென்றடையும் வீதியை ஊவா மாகாணத்தார் நன்கறிவர். மீரியபெத்தத் தோட்டத்து மக்களுக்கு வெளியுலகம் செல்லும் வழி அதுவே. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை மண்சரிவு அத்தோட்டத்து லயன்களை மூடியபோது நாடு முழுவதும் அப்பெயரை அறிந்தது. மழையும் வழுக்கலும் வளைவும் சரிவும் நிறைந்த அந்நிலத்தில், பழைய ஜீப் ஒன்று வைத்திருப்பவர் தமக்காக மட்டும் அதை வைத்திருப்பதில்லை. நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற பெண்ணைத் தியத்தலாவை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்வதும் அவ்வண்டியே. ஆதலின் அதன் பிரேக் நன்னிலையில் இருப்பது பலருடைய உயிரைப் பற்றிய காரியமாகும்.

நம் நாட்டில் 2020 ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் இருபது, முப்பது ஆண்டு கண்ட பஜெரோக்களும் பிராடோக்களும் லாண்ட் ரோவர்களும் ஓய்வின்றி உழைத்தன; இன்றும் உழைக்கின்றன. அவற்றின் முன் பிரேக்கை வீட்டு முற்றத்திலேயே மாற்றுவது எங்ஙனம், எவ்விடத்தில் நாம் கையை எடுத்துவிட வேண்டும் என்பவற்றை இன்று பார்ப்போம்.

முதலில் பிரேக் செய்யும் தொழில் யாது? அது வண்டியின் இயக்கத்தை உராய்வினால் வெப்பமாக மாற்றுகிறது, அவ்வளவே. ஹப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில் உள்ளது. வெல்லவாயவோ 200 மீற்றர் அளவில். 2,000 கிலோகிராம் எடையுள்ள ஜீப் ஒன்று இந்த 1,200 மீற்றரையும் இறங்கும்போது விடுபடும் ஆற்றல், சாதாரண வெப்பநிலையிலுள்ள 75 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்றும் எஞ்சினும் ஏற்றுக்கொள்ளலாம். எஞ்சியதனைத்தையும் நான்கு சில்லுகளிலுள்ள பிரேக்குகளே தாங்க வேண்டும். பிரேக்கை அழுத்தும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதாலும், இறக்கத்தில் அச்சாய்வு மேலும் மிகுவதாலும், பெரும்பங்கு வேலை முன் பிரேக்குகளின் தலையிலேயே விழுகிறது. அவை பின் பிரேக்குகளுக்கு முன்னரே தேய்வதன் காரணம் இதுவே.

இப்பொழுது பெரும்பாலான ஜீப்புகளின் முன் சில்லுகளில் இருப்பது டிஸ்க் பிரேக். 1902 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடரிக் லான்செஸ்டர் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் 1953 ஆம் ஆண்டு லெ மான் ஓட்டப் போட்டியில் ஜாகுவார் கார்கள் இதனைப் பூட்டி வெற்றி பெற்ற பின்னரே உலகம் இதன் அருமையை உணர்ந்தது. சில்லுடன் சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டே டிஸ்க். அதனை இருபுறமும் இடுக்கிபோலப் பற்றும் உறுப்பு கெலிப்பர். அதற்குள் இருக்கும் உராய்வுக் கட்டைகளை பேட் என்கிறோம். நாம் காலால் மிதிக்கும் விசை, குழாயிலுள்ள பிரேக் ஒயில் வழியாகச் சென்று பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் பேட்டைத் தட்டின்மேல் அழுத்துகிறது.

பேட் மாற்றும் காலம் வந்தது என்பதை எவ்வாறு அறிவது? புதிய பேட்டின் உராய்வுப் பகுதி பொதுவாகப் பத்து மில்லிமீற்றரையொட்டிய தடிப்புடையது. அது 3 மில்லிமீற்றருக்குக் குறைந்துவிட்டால் மேலும் தாமதிப்பது தகாது. சில பேட்டுகளில் சிறு தகட்டு நாக்கு ஒன்று இருக்கும். தேய்மானம் எல்லையை எட்டியதும் அது தட்டில் உரசிக் கீச்சிடும். ஒயில் தொட்டியில் மட்டம் மெல்ல இறங்குவதும் ஓர் அறிகுறியே. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே நகர்ந்து கூடுதலான ஒயிலைத் தன்பின் இழுத்துக்கொள்வதால் அது நிகழ்கிறது. ஆனால் மட்டம் திடீரெனக் குறைந்தால் அது கசிவு. அதனைத் தேய்மானமென்று எண்ணி விட்டுவிடலாகாது.

இனி வேலையைத் தொடங்குவோம். தோட்டப்புறத்தில் மிகவும் அரிதான கருவி சமதளமான நிலமே. லயன் வாசலின் சரிவில் ஒருபோதும் ஜாக்கு வைத்தல் கூடாது. விளையாட்டுத் திடலோ, அனுமதி கிடைக்குமாயின் தொழிற்சாலை முற்றமோ உகந்தது. ஈரமண்ணாயின் ஜாக்கின் கீழ் அகன்ற தடித்த பலகை ஒன்றை இடுக. கை பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, பின் சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வைத்த பின்னரே நட்டுகளைத் தளர்த்த வேண்டும். அதுவும் சில்லு நிலத்திலிருக்கும்போதே. வண்டியை உயர்த்தியதும், உறுதியான இரும்புத் தாங்கிகளை உரிய இடத்தில் சட்டத்தின் கீழ் நிறுத்துக. ஜாக்கு தூக்குவதற்கேயன்றித் தாங்குவதற்கன்று. செங்கற்களையும் சீமெந்துக் கற்களையும் நம்பி வண்டியின் கீழ் தலையை நீட்டுவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

சில்லைக் கழற்றியபின் கெலிப்பரின் பின்புறத்தில் இரண்டு ஆணிகள் தென்படும். பல வண்டிகளில் கீழாணியை மட்டும் நீக்கினால் கெலிப்பரை மேலே திருப்பலாம். வேறு சிலவற்றில் பேட்டைத் தாங்கும் ஊசிகளை உருவினால் போதும். கெலிப்பரை முழுவதும் கழற்ற நேர்ந்தால், அதனைக் கம்பியால் சட்டத்தில் கட்டித் தொங்கவிடுக. இறப்பர்க் குழாயில் தொங்கவிட்டால் குழாயின் உட்புறம் முறிந்து, வெளியே தெரியாத ஆபத்து உண்டாகும். இரு பக்கங்களையும் ஒரே வேளையில் கழற்றாதீர்கள். ஒரு பக்கம் பிரிந்திருக்கையில் மறுபக்கம் உங்களுக்குப் பாடநூலாக இருக்கட்டும்.

பழைய தூசியை வாயாலோ காற்றுக்குழலாலோ ஊதக் கூடாது. பழைய பேட்டுகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கக்கூடும். அத்தூள் நுரையீரலைக் கெடுப்பது. ஈரத் துணியாலோ அதற்கென விற்கப்படும் துப்புரவுத் திரவத்தாலோ துடைத்தெடுக்கலாம். மண்ணெண்ணெயும் பெற்றோலும் இங்கு வேண்டா. அவை கெலிப்பரின் இறப்பர் உறைகளை ஊதச்செய்து அழிக்கும்.

அடுத்து டிஸ்க்கை உற்று நோக்குக. விளிம்பில் உயர்ந்த வரம்பு, ஆழமான கீறல், வெடிப்பு, வெப்பத்தால் தோன்றிய நீலத் திட்டு ஆகியவை தீய அறிகுறிகள். மிகக் குறைந்த தடிப்பு எவ்வளவு என்பதைத் தட்டிலேயே பொறித்திருப்பர். அதற்குக் கீழ்ப்பட்ட தட்டை மாற்றியேயாக வேண்டும். ஆனால் சில பழைய ஜீப்புகளில் தட்டானது ஹப்பின் பின்புறம் பூட்டப்பட்டிருக்கும். அதனை எடுக்கச் சில்லின் பெயரிங்கையே பிரிக்க வேண்டும். அவ்வேலையைக் கராஜில் ஒப்படைப்பதே அறிவுடைமை.

இனிப் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பழைய பேட் ஒன்றை அதன்மேல் வைத்து, பற்றுக்கருவியால் மெல்லத் திருகி அழுத்துக. அப்பொழுது ஒயில் தொட்டிக்குத் திரும்புவதால், முன்னரே சிறிது ஒயிலை உறிஞ்சி எடுத்துவிட்டால் அது வழிந்து வர்ணத்தை அரிக்காது. பிஸ்டன் அசைய மறுத்தாலோ, அதன் உறை கிழிந்திருந்தாலோ, ஈரம் கண்டாலோ அங்கேயே வேலையை நிறுத்திவிடுக. நகரும் ஆணிகளைத் துடைத்து, வெப்பந்தாங்கும் பிரேக் கிறீஸை மெல்லிதாகப் பூசுக. பேட்டின் முகத்திலும் தட்டிலும் ஒரு துளிகூடப் படலாகாது. பேட்டுகளை இருபுறச் சில்லுகளுக்கும் சேர்த்தே மாற்றுக. ஒருபுறம் மட்டும் புதியதாயின் வண்டி பிரேக் பிடிக்கும்போது ஒருபுறம் இழுக்கும். ஆணிகளை அவ்வண்டிக்குரிய கைந்நூல் கூறும் அளவுக்கு முறுக்குக. சில்லின் நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, படிப்படியாக இறுக்குக.

இப்பொழுது சொல்லப்போவதை மறவாதீர்கள். வண்டியை நகர்த்துமுன் பிரேக் மிதியைப் பலமுறை அழுத்துங்கள். தள்ளப்பட்ட பிஸ்டன் மீண்டும் பேட்டைத் தொடும்வரை மிதி தரையளவும் இறங்கும். அதாவது பிரேக்கே இராது. மிதி கெட்டியான பின்பே எஞ்சினை இயக்கி, ஒயில் மட்டத்தைச் சரிபார்த்து, சமதரையில் மெல்ல ஓட்டிப் பாருங்கள்.

புதிய பேட் தட்டுடன் இசைந்து பழக வேண்டும். சமமான வீதியில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து மெல்ல வேகம் குறைத்து, சற்று ஆறவிட்டு, இவ்வாறு இருபது முறை செய்தால் போதும். அன்றைக்கே பாரமேற்றிக்கொண்டு கொஸ்லந்தைச் சரிவில் இறங்குதல் ஆகாது. நூறு கிலோமீற்றருக்குள் நட்டுகளை ஒருமுறை மீண்டும் சோதிக்க.

பிரேக் ஒயிலைப் பற்றியும் ஒரு சொல். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது; மூடுபனி உலவும் மலைநாட்டில் இது கவனிக்க வேண்டியது. டொட் 4 எனப்படும் வகை, புதியதாயின் குறைந்தது 230 பாகை செல்சியசில் கொதிக்கும். ஈரமேறியபின் அவ்வெல்லை 155 பாகைவரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால், மிதி நீராவியை அழுத்துமேயன்றிப் பிஸ்டனைத் தள்ளாது. ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை, மூடி திறவாத புதிய போத்தலிலிருந்து ஒயிலை மாற்றுவது நலம்.

புதிய பேட் பூட்டியவரும் மலையை மதிக்க வேண்டும். 2025 செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பதினைந்து பேர் மாண்ட துயரத்தை நாம் மறக்கவில்லை. ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்குதல் பழைய சாரதிகளின் விதி. அது இன்றும் பொய்க்கவில்லை. எரிபொருள் மிச்சமென்று நியூட்ரலில் உருட்டுவதும், எஞ்சினை அணைப்பதும் பெரும்பிழை. எஞ்சின் நின்றால் மிதிக்குத் துணைபுரியும் வெற்றிட விசையும் சில அழுத்தங்களுக்குள் தீர்ந்துபோகும். கருகிய மணம் எழுந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுக. சிவந்த தட்டின்மேல் தண்ணீர் ஊற்றினால் அது வளையும், வெடிக்கவும் கூடும்.

மிதி பஞ்சுபோல் அமிழ்ந்தாலோ, எச்சரிக்கை விளக்கு அணையாதிருந்தாலோ, குழாயில் வெடிப்புக் கண்டாலோ தேர்ந்த மெக்கானிக்கிடம் செல்லுதல் தாழ்வன்று. பேட் மாற்றுவது பொறுமையுள்ள எவரும் கற்கக்கூடிய கைத்தொழில். ஆயினும் அதன் தவறுக்கு விலை கொடுப்பவர் பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவராகவும் இருக்கலாம். அதனை மனத்திற் கொண்டு, ஒவ்வோர் ஆணியையும் இருமுறை பார்த்து முறுக்குக.