கண் தெளிந்த பின்னும் தேயும் நரம்பு

ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்குகிறது. விழியை அசைக்கும்போது உள்ளே நோகிறது. மற்றக் கண்ணுக்குச் செக்கச் செவேலெனத் தெரியும் பொருள், இந்தக் கண்ணுக்குச் சாயம்போன துணியைப்போல வெளிறித் தெரிகிறது. சில நாட்களில் மங்கல் கூடி, பின்னர் சில வாரங்களில் பெரும்பாலும் தானாகவே குறையத் தொடங்குகிறது. அந்த நிம்மதியில் வைத்தியரை நாடாமலே இருந்துவிடுவோர் எம்மிடையே உளர்.

பார்வை நரம்பு அழற்சி எனப்படும் இந்நிலை, மல்ரிப்பிள் ஸ்கிளிறோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். என வழங்கும் நோயின் முதல் அறிகுறியாக ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம் தோன்றுகிறது. உடலைக் காக்கவேண்டிய நோயெதிர்ப்புச் சக்தியே மூளையையும் முள்ளந்தண்டு வடத்தையும் தாக்குவது இந்நோயின் இயல்பு. மின்கம்பியின் மேலுறைபோல நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்னும் கொழுப்புறை இத்தாக்குதலில் கழன்றுபோகிறது. பார்வை நரம்பு மூளையின் நீட்சியாகவே அமைந்திருப்பதால் அதுவும் தப்புவதில்லை. இறந்த நோயாளரின் உடல்களைப் பரிசோதித்தபோது, வாழ்நாளில் கண்ணைப்பற்றி முறையிடாதவர்களின் பார்வை நரம்பிலும் சேதம் காணப்பட்டது.

உறை கழல்வதே முக்கிய சேதமென நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. 1998-இல் அமெரிக்க ஆய்வாளர் புறூஸ் ட்றப்பும் குழுவினரும், தாக்கப்பட்ட இடங்களில் நரம்பிழைகளே துண்டிக்கப்பட்டுக் கிடப்பதை எடுத்துக்காட்டினர். கழன்ற உறை ஓரளவு மீண்டும் வளரக்கூடும். அறுந்த இழை வளர்வதில்லை. ஒவ்வொரு பார்வை நரம்பிலும் 10 இலட்சம் வரையிலான இழைகள் இருப்பதால், ஒரு பகுதியை இழந்தபின்னும் வைத்தியரின் சுவரிலுள்ள கரிய எழுத்துகளை வாசித்துவிட முடிகிறது. அதே எழுத்துகளை மங்கிய சாம்பல் நிறத்தில் அச்சிட்டுக் காட்டினாற்றான் குறை வெளிப்படுகிறது. அந்திப் பொழுதில் வாகனம் ஓட்டுபவருக்கு இக்குறை சிறியதன்று.

இழந்த இழைகளை அளப்பதற்குக் கண்ணே ஒரு சாளரமாக அமைந்திருப்பது வியப்புக்குரியது. விழித்திரையில் ஓடும் நரம்பிழைகளுக்கு மயலின் உறை கிடையாது. கண்ணை விட்டு வெளியேறிய பின்னரே உறை தொடங்குகிறது. ஆகவே விழித்திரையின் நரம்பிழைப் படை மெலிந்திருந்தால், இழைகளே அழிந்தன என்பது பொருள். 1991-இல் அறிமுகமான ஓ.சி.ரி. என்னும் ஒளிப்படக் கருவி இப்படையை ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு அளவுகளிற் கணக்கிடுகிறது. ஊசியோ எக்ஸ் கதிரோ இல்லை; சில நிமிட வேலை. அழற்சி வந்து மூன்று முதல் ஆறு மாதங்களுள் இப்படை மெலிவதையும், ஒருபோதும் அழற்சி காணாத கண்களிற்கூட அது மெல்ல மெல்லத் தேய்வதையும் இக்கருவி காட்டியது. தேய்வு நரம்போடு நிற்பதுமில்லை. அது செய்தி சேர்க்கும் மூளைப் பகுதிகளுக்கும் படிப்படியாகப் பரவுகிறது. 2024-இல் திருத்தப்பட்ட நோய்நிர்ணய விதிகள், நோய் தாக்கும் இடங்களில் ஒன்றாகப் பார்வை நரம்பையும் ஏற்றுக்கொண்டுள்ளன.

சுடுநீரிற் குளித்தபின் அல்லது விரைந்து நடந்தபின் பார்வை மங்கி, உடல் தணிந்ததும் தெளிவதுண்டு. உடலை வருத்தியபின் பார்வை இவ்வாறு மங்குவதை 1890-இல் ஜேர்மன் வைத்தியர் ஊத்தோவ் பதிவுசெய்தார். உறையிழந்த இழை சிறு வெப்பத்தையும் தாங்காது. இது புதிய தாக்குதல் அன்று.

"இது வெள்ளைக்காரரின் வருத்தம்" என்று கூறுவோரை நாம் அறிவோம். வட ஐரோப்பியரிடம் இந்நோய் அதிகமென்பது உண்மையே. ஆயினும் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் ஏனைய நாடுகளிலிருந்தும் பிரித்தானியாவிற் குடியேறியோருக்கு அங்கேயே பிறந்த பிள்ளைகளிடம், அந்நாட்டு மக்களின் அளவை ஒத்த அளவில் இந்நோய் காணப்படுவதை 1990-இல் வெளியான ஆய்வொன்று தெரிவித்தது. பெற்றோருக்கு வராதது பிள்ளைக்கும் வராதென்று இருந்துவிட முடியாது.

மேலுமொன்று. ஆசியரிடையே பார்வை நரம்பையும் முள்ளந்தண்டையும் தாக்கும் வேறொரு நோயும் உண்டு. நியூரோமயலைற்றிஸ் ஒப்ரிக்கா எனும் இதனைக் காட்டும் இரத்தப் பரிசோதனைக்கு 2004-இல் வழி பிறந்தது. எம்.எஸ். மருந்துகளிற் சில இந்நோயை மோசமாக்கும். எனவே எம்மவர் ஒருவருக்குக் கடும் பார்வையிழப்பு நேர்ந்தால் இப்பரிசோதனையைப்பற்றி வைத்தியரிடம் கேட்பதில் தவறில்லை.

சிகிச்சையைப் பொறுத்தவரை, 457 நோயாளருடன் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 1992-இல் வெளியாயிற்று. நாளத்தினூடாகக் கொடுக்கப்பட்ட ஸ்ரெரொயிட் பார்வை திரும்புவதை விரைவுபடுத்தியது; இறுதிப் பார்வையை உயர்த்தவில்லை. வழமையான அளவில் குளிசையாக மட்டும் உட்கொண்டவர்களுக்கு அழற்சி மீண்டும் வருவது அதிகரித்தது. வீட்டு அலுமாரியில் எஞ்சிய குளிசைகளைத் தாமாக விழுங்குவோர் இதனை மனங்கொள்ள வேண்டும். அதே நோயாளரை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, தொடக்கத்தில் மூளையின் எம்.ஆர்.ஐ. படத்தில் தழும்பு இல்லாதோரில் 25 வீதத்தினருக்கும், இருந்தோரில் 72 வீதத்தினருக்கும் எம்.எஸ். ஏற்பட்டது. இன்று நோயின் புதிய தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் பல உள்ளமையால், அந்தப் படத்தை எடுக்காது விடுவது வீண் இழப்பு.

அகதி விண்ணப்பம் முடிவாகாத வேளையில் பெரிய வருத்தத்தின் பெயர் பதிவாகிவிடுமோ எனத் தயங்குவோர் இருக்கலாம். மொழிபெயர்ப்பாளரிடம் "கண் மங்கல்" என்று மட்டும் சொன்னால் கண்ணாடிக் கடைக்கு அனுப்பிவிடவும் கூடும். எந்தக் கண், எந்தத் திகதி தொடங்கியது, அசைக்கும்போது நோகிறதா, சிவப்பு வெளிறுகிறதா, முன்பு கைகால் விறைத்ததுண்டா என்பவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பார்வை திரும்பிவிட்டிருந்தாலும் அத்தாளைக் கொடுங்கள்.