உஷார்! பைபாஸ் முடிந்த கையோடு ஓடக் கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. நெஞ்சுவலி போயே போச்சு. மூச்சு வாங்காமல் மாடி ஏற முடிகிறது. “பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க சார்” என்று எதிர்வீட்டுக்காரர் வேறு சொல்லிவிட்டார். அந்த வாரமே புது ஷூ வாங்கி, கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டி, வாட்ஸ்அப் குழுவில் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயரும் கொடுத்தாகிவிட்டது. கொஞ்சம் நில்லுங்கள். உடம்பு தேறிவிட்டதாகத் தோன்றுகிற இந்தக் கட்டத்தில்தான் பலர் வம்பை விலைக்கு வாங்குகிறார்கள்.

இதய ஆபரேஷன் ஆனவர் ஓடவே கூடாது என்பதில்லை. டொரன்டோவில் டாக்டர் டெரன்ஸ் கவனா, மாரடைப்பு வந்து மீண்ட தன் நோயாளிகளை 1973இல் பாஸ்டன் மாரத்தானிலேயே ஓட வைத்தார். ஆனால் அவர்கள் மருத்துவக் கண்காணிப்பில், நடையில் தொடங்கிப் படிப்படியாகப் பழகியவர்கள். நம் ஆட்கள் யூடியூபைப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பைபாஸ் என்பது அடைப்பைச் சுற்றிப் போட்ட மாற்றுப்பாதை, அவ்வளவுதான். அடைப்பை உண்டாக்கிய கொழுப்பும் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் அப்படியேதான் இருக்கின்றன. காலிலிருந்து எடுத்து வைத்த ரத்தக்குழாய்களும் ஆண்டுகள் போகப் போக அடைபடக்கூடியவை. ஓடினாலே இதயத்துக்குக் காப்பு என்று நம்புகிறவர்கள் ஜிம் ஃபிக்ஸை நினைத்துக்கொள்ளட்டும். 1977இல் வந்த அவருடைய புத்தகம்தான் அமெரிக்காவில் ஏராளமானவர்களை ஓட வைத்தது. அவருடைய அப்பா 43 வயதில் மாரடைப்பில் இறந்தவர். ஃபிக்ஸ் 1984 ஜூலையில், 52 வயதில், ஓடப் போன இடத்தில் சாலையோரம் விழுந்து இறந்தார். பிரேதப் பரிசோதனையில் இதயக் குழாய்களில் கடும் அடைப்பு தெரிந்தது.

மார்பெலும்பைப் பிளந்து கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அது நன்றாகக் கூட ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை ஓட்டம், தண்டால், கனமான பை எதுவும் கூடாது. அதன் பிறகும் டாக்டரைப் பார்த்து, எக்கோவும் டிரெட்மில் டெஸ்ட்டும் எடுத்து, “உங்கள் நாடித்துடிப்பு இந்த அளவைத் தாண்டக் கூடாது” என்று ஓர் எண்ணை வாங்கிக்கொண்டுதான் ஓட்டத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அந்த எண்ணை வாட்ச் சொல்லாதா என்று கேட்பீர்கள். சொல்லும், தப்பாகச் சொல்லும். 220இல் வயதைக் கழி என்ற கணக்கை வைத்து, 60 வயதுக்காரருக்கு 160 வரை போகலாம் என்று காட்டும். நீங்களோ மெட்டோபிரோலால், பிசோபிரோலால் மாதிரி ஏதாவது ஒரு பீட்டா பிளாக்கர் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். இதயத்தைத் துரிதமாக அடிக்க விடாமல் பிடித்து வைப்பதே அந்த மாத்திரையின் வேலை. உயிரைக் கொடுத்து ஓடினாலும் நாடி 115, 120க்கு மேல் ஏறாமல் போகலாம். ‘நீங்கள் லேசாகத்தான் உழைக்கிறீர்கள்’ என்று வாட்ச் உசுப்பும், நீங்கள் இன்னும் விரட்டுவீர்கள். சரி, நாடி ஏறட்டும் என்று மாத்திரையை நிறுத்திவிட்டு ஓடுகிற புத்திசாலிகளும் உண்டு. அது அதைவிட மோசம். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்புமே வரலாம். வாட்சை விடுங்கள், வாயை நம்புங்கள். பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? முடியவில்லை என்றால் வேகம் அதிகம், உடனே நடைக்கு இறங்குங்கள்.

இன்னொரு ஆபத்து மருந்துக்கடையில் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அறுபது வயதில் ஓடத் தொடங்கினால் முட்டி வலிக்கும். சக ஓட்டக்காரர் ஒருவர் கரிசனத்தோடு டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ எடுத்து நீட்டுவார். வாங்காதீர்கள். இந்த வகை வலிமாத்திரைகள் மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன. நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினை வேலை செய்ய விடாமலும் தடுக்கும். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் ஒரு படி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். விடியற்கால இருட்டில், உடைந்த நடைபாதையில் தடுக்கித் தலையில் அடிபட்டால், வெளியே காயமே தெரியாமல் உள்ளே ரத்தம் கசியலாம். வலிக்கு என்ன போட்டுக்கொள்ளலாம் என்பதை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

“ரனல்ஃப் ஃபைன்ஸ் ஓடலையா?” என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். பிரிட்டிஷ் சாகசப் பயணி. 2003 ஜூனில் மாரடைப்பு, இரட்டை பைபாஸ். அதே ஆண்டு, 59 வயதில், ஏழு நாளில் ஏழு கண்டங்களில் ஏழு மாரத்தான் ஓடி முடித்தார். கதை இதோடு முடியவில்லை. கூடவே ஓடிய நண்பர் மைக் ஸ்ட்ரௌட் ஒரு டாக்டர். நாடி 130ஐத் தாண்டக் கூடாது என்று ஃபைன்ஸுக்கு ஆபரேஷன் செய்தவர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் நாடி பார்க்கும் கருவியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனதாக ஃபைன்ஸே சொல்லியிருக்கிறார். தப்பித்தார், அதற்குப் பெயர் அதிர்ஷ்டம். 2005இல் எவரெஸ்ட்டின் உச்சியை நெருங்கியபோது இதயம் மறுபடி மிரட்ட, திரும்பி இறங்கினார். அவரிடமிருந்து கற்றுக்கொள்வதானால் அந்தத் திரும்பி இறங்கியதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஓட்டத்தைத் திடீரென்று நிறுத்தி நின்றுவிடாதீர்கள். ரத்தம் காலிலேயே தேங்கி, அழுத்தம் இறங்கி, மயங்கி விழ நேரும். பத்து நிமிடம் நடந்து தணியுங்கள். காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு ஓட்டமே வேண்டாம். தனியாகப் போகாதீர்கள். சட்டைப்பையில் ஆபரேஷன் விவரமும் மாத்திரைப் பட்டியலும் இருக்கட்டும்.

ஓடும்போது நெஞ்சு இறுகுவது, தாடையோ இடது கையோ வலிப்பது, தலை சுற்றுவது, படபடப்பது, வழக்கத்துக்கு மீறி மூச்சு இரைப்பது, இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல், வியர்வையும் களைப்பும் மட்டும் வரலாம். ‘கேஸ் டிரபிளா இருக்கும்’ என்று சோடா வாங்கிக் குடித்துப் பார்க்காதீர்கள். வண்டியை எடுத்துக்கொண்டு நீங்களே ஆஸ்பத்திரிக்குப் போகவும் வேண்டாம். 108க்குப் போன் போடச் சொல்லுங்கள்.