எத்தனை புள்ளிக் கோலம்?

உங்கள் வீட்டுப் பீரோவின் அடித்தட்டை ஒரு தடவை துழாவிப் பாருங்கள். பழைய பட்டுப் புடவைகளுக்கும் பத்திரக் கட்டுகளுக்கும் நடுவே, சின்னத் துணிப்பைக்குள் ஒரு டிஜிட்டல் காமிரா அகப்பட்டாலும் அகப்படும். 2005-லோ 2008-லோ வாங்கியதாக இருக்கும். வாங்கிய புதிதில் பிள்ளைகளை அதைத் தொடவிட்டிருக்க மாட்டீர்கள். செல்போன் வந்த பிறகு நீங்களே தொட்டிருக்க மாட்டீர்கள்!

இப்போது அதற்கு மறுபடியும் யோகம் அடித்திருக்கிறது. கல்லூரிக்குப் போகும் பெண்கள், "அம்மா, அந்தப் பழைய காமிராவை எனக்குக் கொடேன்" என்று கேட்கிறார்கள். செல்போன் படத்தில் இல்லாத ஏதோ ஒரு களை அதில் இருக்கிறதாம். இருக்கட்டும். அந்தப் பெண்ணுக்கு அதுதான் முதல் டிஜிட்டல் காமிரா. கையில் கொடுப்பதற்கு முன்னால் 'மெனு' என்ற பொத்தானை அழுத்திப் பாருங்கள். திருப்பூர் பனியன் அளவுபோல எல், எம், எஸ் என்று எழுத்துக்கள் நிற்கும். வேறு தினுசுக் காமிராவானால் 5எம், 3எம், விஜிஏ என்று இருக்கும். பத்தில் ஒன்பது பேர் ஒரு முறை ஏதோ ஒன்றை வைத்துவிட்டு அப்புறம் திரும்பிப் பார்க்காத இடம் இதுதான்.

காமிராவின் திருகுகளை ஆராய்வது கோயமுத்தூர்க்காரர்களுக்குப் புதிதா என்ன? நம் ஜி.டி.நாயுடு, சினிமாக் காமிராவுக்குத் தூரம் சரிசெய்யும் கருவி ஒன்றையே செய்தவர். 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கையாலேயே படம் பிடித்து வந்தவர். அவர் ஊரில் இருந்துகொண்டு மூன்று எழுத்துக்களுக்குப் பயப்படலாமா!

விஷயம் ரொம்ப எளிது. வாசலில் நீங்கள் போடும் புள்ளிக் கோலம்தான். ஐந்து புள்ளி வைத்தால் ஒரு தாமரை வரும். இருபத்தொரு புள்ளி வைத்தால் தாமரையும் வரும், கிளியும் வரும், கிளியின் மூக்கும் வரும். டிஜிட்டல் படமும் முழுக்கப் புள்ளிகளால் ஆனது. புள்ளி கூடக் கூட நுணுக்கம் கூடும். சிறுமுகைப் பக்கம் ஜக்கார்டு தறிக்குக் கட்டம் போட்ட காகிதத்தில் பூ வரைவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பத்து லட்சம் புள்ளிகளுக்குத்தான் ஒரு மெகாபிக்சல் என்று பெயர்.

1975-ல் அமெரிக்காவில் கோடக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் என்ஜினீயர் செய்த முதல் டிஜிட்டல் காமிராவில் மொத்தமே 10,000 புள்ளிகள்தான். பக்கத்துக்கு நூறு புள்ளி வைத்த கோலம்! ஒரு படத்தை நாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது. நம் பீரோக் காமிராவோ, 5எம் என்று வைத்தால் 50 லட்சம் புள்ளி வைக்கும். விஜிஏ என்று வைத்தால் அகலத்தில் 640, உயரத்தில் 480, ஆக மூன்று லட்சத்துச் சொச்சம்.

ஐம்பது லட்சம் கிடைக்கும்போது மூன்று லட்சத்தை யார் எடுத்தார்கள் என்று கேட்கிறீர்களா? நாம்தான்! அந்த நாளில் காமிராவோடு கொடுத்த நினைவு அட்டை 16 எம்.பி. அல்லது 32 எம்.பி. 16 எம்.பி. அட்டையில் பெரிய படமாக எடுத்தால் ஆறேழு எடுப்பதற்குள் 'இடமில்லை' என்று காமிரா கையை விரித்துவிடும். விஜிஏ என்று வைத்தால் நூறு படம்! கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் உண்டு, மங்கல வாழ்த்து உண்டு, நூறு வகைச் சடங்கு உண்டு. ஆறு படத்தில் அடங்குமா? சிக்கனம் தெரிந்த குடும்பத் தலைவர்கள் எஸ்ஸுக்கோ விஜிஏவுக்கோ மாற்றினார்கள். காமிராவின் சின்னத் திரையில் பார்த்தால் வித்தியாசமும் தெரியவில்லை.

எப்போது தெரிந்தது? காந்திபுரமோ, பொள்ளாச்சியோ, கோபியோ, எந்த ஊர் ஸ்டூடியோவிலும் காதில் விழக்கூடிய பேச்சு இது:

"ஏனுங்கண்ணா, எங்க அப்பத்தா படத்தைப் பெரிசு பண்ணிக் குடுக்கோணுங்க. காரியத்துக்குள்ளே வேணும்."

"படம் எங்கம்மிணி?"

"இதுலே இருக்குதுங்க. தம்பி கல்யாணத்துல எடுத்தது. ஓரமா நிக்கறாங்க பாருங்க."

"எத்தனை பெரிசு வேணும்?"

"செவுத்துல மாட்டற அளவுக்குங்க. அப்பாரு படத்துக்குப் பக்கத்துல."

"அம்மிணி, மூஞ்சியே நகத்தளவுதான் இருக்குது. பெரிசு பண்ணுனா கட்டங்கட்டமாத்தானுங்க வரும்."

ஸ்டூடியோக்காரர் சொல்வது கணக்கு. பன்னிரண்டு பேர் வரிசையாக நின்ற படத்தில் 640 புள்ளியைப் பங்கு போட்டால் ஆளுக்கு ஐம்பத்து மூன்று. அதிலே தோளும் புடவையும் போக, முகத்துக்கு மிஞ்சுவது அகலத்தில் ஓர் இருபத்தைந்து. அதாவது அப்பத்தாவின் முகம் இருபத்தைந்து புள்ளிக் கோலம்! மார்கழியில் நம் வீட்டு வாசலிலேயே அதைவிடப் பெரிதாகப் போடுகிறோம். அதே படத்தை அன்றைக்கு 5எம்மில் எடுத்திருந்தால் முகத்துக்கு மட்டும் அகலத்தில் நூறு புள்ளி கிடைத்திருக்கும்.

வேடிக்கையைப் பாருங்கள். அப்பாரு படம் அறுபது வருஷத்துக்கு முன் ஸ்டூடியோவில் பெரிய நெகடிவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். துண்டின் இழைகூடத் தெரிகிறது. கால் நூற்றாண்டு கூட ஆகாத படத்தில் அப்பத்தாவின் கண் தெரியவில்லை.

"இப்போதுதான் கம்ப்யூட்டர் மூளை வந்துவிட்டதே, அது தெளிவாக்கித் தராதா?" என்று கேட்பீர்கள். தரும். ஆனால் இல்லாத புள்ளியை அது எங்கிருந்து கொண்டுவரும்? லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியதை வைத்து, இங்கே இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்துப் போடும். பளபளவென்று ஒரு பாட்டி வருவார். நெற்றியில் பச்சை குத்தின கோடும், கன்னத்து மருவும் காணாமல் போயிருக்கலாம். பேரப்பிள்ளைகளுக்கு அது யாரோ ஒரு பாட்டி.

ஆகவே, எல் என்று வையுங்கள். புடவையை வெட்டிப் பாவாடை தைக்கலாம். பாவாடையைப் புடவையாக்க முடியாது. பெரிய படத்தை எப்போது வேண்டுமானாலும் சுருக்கிக் கொள்ளலாம்.

அளவுக்கும் கணக்கு இருக்கிறது. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது நல்ல கணக்கு. ஆல்பத்தில் ஒட்டும் 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 21 லட்சம் புள்ளி போதும், 3எம்மே தாராளம். சுவரில் மாட்டும் படத்தை எட்ட நின்று பார்ப்பதால் அங்குலத்துக்கு 150 போதும். 12க்கு 18 அங்குலப் படத்துக்கு ஏறத்தாழ 50 லட்சம் வரும். நம் பீரோக் காமிரா அதைக் கொடுத்துவிடும், அப்பத்தா படத்தில் தனியாக இருந்தால்!

எல்லுக்குப் பக்கத்திலேயே 'ஃபைன்', 'நார்மல்' என்று இன்னொரு சங்கதி இருக்கும். இரண்டையும் ஒன்று என்று குழப்பிக் கொள்கிறவர்கள் ஜாஸ்தி. முன்னது எத்தனை புள்ளி என்பது. இது அந்தப் புள்ளிகளை எவ்வளவு இறுக்கி மூட்டை கட்டுவது என்பது. காமிரா படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளியாகச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கத்தைக் கழித்துவிட்டுத்தான் சேமிக்கிறது. ரொம்ப இறுக்கினால் ஜரிகைக் கரையும் மல்லிகைச் சரமும் மொத்தையாகிவிடும். ஃபைன் என்றே இருக்கட்டும். டிஜிட்டல் ஜூம் என்பதை மூடி விடுங்கள். அது கிட்டத்தில் கொண்டுவருவது போல் பாசாங்கு செய்து, படத்தின் நடுவை வெட்டித்தான் கொடுக்கிறது. இரண்டு எட்டு நடந்து கிட்டே போனால் போயிற்று.

இன்னொன்று: இந்தக் காமிராக்களின் படம் கொஞ்சம் சதுர வாக்கு. அதை 4க்கு 6 காகிதத்தில் நிரப்பி அச்சிடும்போது மேலும் கீழும் கால் கால் அங்குலம் போய்விடும். நெட்டையான மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை இல்லாமல் போவது இப்படித்தான். மேலே சற்று இடம் விட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

அட்டை வாங்கப் போகும்போதும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். 2006-க்கு முந்திய எஸ்.டி. காமிராக்கள் பெரும்பாலும் 2 ஜி.பி.க்கு மேற்பட்ட அட்டையை ஏற்பதில்லை. அதனால் நஷ்டமில்லை. 5எம்மில், ஃபைனில், எண்ணூறு படம் அதில் கொள்ளும்.

எதற்கெடுத்தாலும் பெரிசே நல்லது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். 200 மெகாபிக்சல் என்று செல்போன் கடையில் சொன்னால் மயங்கிவிடாதீர்கள். விரல் நகத்தளவு இடத்தில் அத்தனை புள்ளி, டவுன் பஸ் கூட்டம் மாதிரி! ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் வெளிச்சம் துளிதான். அதனால் போனே பதினாறு புள்ளியை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் சுமாருக்குத்தான் வழக்கமாகப் படம் தருகிறது. மண்டபத்து மங்கிய வெளிச்சத்தில் அதுவே மேல். அதை அப்படியே விட்டுவிடலாம்.

ஆனால் அன்றைக்கு விஜிஏவில் நடந்த கூத்து இன்றைக்கு வாட்ஸ்அப்பில் நடக்கிறது. சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைப் பல மடங்கு சுருக்கி விடுகிறது. "குரூப்பில்தான் இருக்கிறதே" என்று அசலை அழித்துவிட்டு, வந்து சேர்ந்த பொடிப் படத்தை மட்டும் வைத்திருக்கும் வீடுகள் எத்தனை! 2023-லிருந்து 'எச்.டி.' என்று ஒரு வசதி இருக்கிறது. அது கொஞ்சம் மேல். படம் துளியும் குறையாமல் போக வேண்டுமானால் 'டாகுமெண்ட்' என்று அனுப்பச் சொல்லுங்கள்.

காமிரா தயாரா? அப்பத்தாவோ அமுச்சியோ வீட்டில் இருக்கிறார்களா? நல்ல வேளை. காலை எட்டு மணிக்குத் திண்ணையில் வெயில் நேராக விழாத இடமாகப் பார்த்துத் தனியாக உட்கார வையுங்கள். "எனக்கெதுக்குக் கண்ணு போட்டோ?" என்று முந்தானையால் முகத்தை மூடிக் கொள்வார்கள். காப்பியைக் கையில் கொடுத்து, அந்தக் காலத்துப் பஞ்சத்தைப் பற்றி ஏதாவது கேளுங்கள். பேச்சு சூடு பிடித்ததும் எடுக்கலாம்.