கண்மாயும் கஜானாவும்

விருதுநகர் ஜில்லா மழை குறைந்த கரிசல் பூமி. வற்றாத நதி ஒன்றுகூட இங்கே இல்லை. வைப்பாறும் அர்ஜுனா நதியும் மழைக்காலத்தில் ஓடி, மற்ற மாதங்களில் மணலாகக் கிடப்பவை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஓடைகளில் வரும் தண்ணீரைக் கண்மாயிலும் ஊருணியிலும் தேக்கி வைத்துத்தான் ஜனங்கள் வருஷம் முழுவதும் காலம் தள்ளவேண்டும். ஆகவே கண்மாய்க் கரையைப் பலப்படுத்துவதும், வரத்துக் கால்வாயைத் துப்புரவு செய்வதும், சீமைக்கருவேலத்தை வேரோடு களைவதும் இங்கே பிழைப்புக்கு ஆதாரமான காரியங்கள். இவற்றுக்கு வேண்டிய பணத்தை யார் கொடுப்பது, யார் செலவிடுவது, யார் கணக்குக் கேட்பது என்பதைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம்.

இந்த வறட்சியே சிவகாசிக்குத் தொழிலையும் தந்தது. 1922-ம் வருஷத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்று வந்தார்கள். வறண்ட காற்று அத்தொழிலுக்கு உகந்ததாயிற்று. பின்னர் பட்டாசும் அச்சும் சேர்ந்தன. வானம் பொய்த்த பூமியில் சொந்த முயற்சியால் எழுந்த இத்தொழில்களைப் பற்றித் தமிழர் பெருமைப்படுவது நியாயமே. 2018-ம் வருஷம் அக்டோபர் 23-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, பேரியம் உப்புக் கலந்த பட்டாசுகளைத் தடுத்து, புகை குறைந்த பட்டாசுகளை மட்டுமே அனுமதித்தது. அந்த வழக்கு, பட்டாசு வெடிக்கப்படும் நகரங்களின் காற்றைப் பற்றியது. பட்டாசைச் செய்கிற ஊரின் மண்ணையும் தண்ணீரையும் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள் அவ்வூர் ஜனங்களே.

கவலைப்படுவதற்கு உரிமை உண்டு. செலவிடுவதற்குப் பணம் உண்டா? பட்டாசின் மீது விதிக்கப்படும் சரக்கு சேவை வரி மத்திய சர்க்காருக்கும் மாகாண சர்க்கார்களுக்கும் போய்ச் சேருகிறது. தமிழ்நாட்டு சர்க்கார் தம் சொந்த வரி வருமானத்தில் 10 சதவீதத்தை எல்லா ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் பொதுவாகப் பிரித்துத் தருகிறது. ஆலை நிற்கும் பஞ்சாயத்துக்கு, ஆலை நிற்கிறது என்ற காரணத்துக்காக அந்த வரியிலிருந்து தனிப் பங்கு எதுவும் இல்லை. வரி தில்லிக்கும் சென்னைக்கும். குப்பையும் புகையும் ஊருக்கு என்றால், இதை என்ன நியாயம் என்று சொல்வது?

பொதுநீர்நிலையைப் பராமரிக்கும் பொறுப்பு நம்மவர்களுக்குப் புதிதன்று. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய வருஷங்களைச் சேர்ந்தவை. ஏரி வாரியம் என்ற சபைக்குக் குடவோலை மூலம் அங்கத்தினர்களைத் தெரிந்தெடுத்த விதத்தை அவை விவரிக்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்தில் அமரலாகாது என்பது அன்றைய விதி. பிற்காலத்தில் குடிமராமத்து என்ற பெயரால் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையில் மண் போட்ட வழக்கமும் நிலைத்திருந்தது. கண்மாயின் மீனும், கரை மரங்களின் பலனும் ஊர்ப் பொதுவுக்குச் சேர்ந்தன. வரும்படியும் வேலையும் ஒரே கையில் இருந்தபடியால் கண்மாய் பிழைத்தது.

ஆங்கில ஆட்சியில் வரும்படி கலெக்டர் கஜானாவுக்குப் போயிற்று. வேலை மட்டும் குடிகள் தலையில் நின்றது. குடிகள் மனம் சலித்து ஒதுங்கியதும், 1858-ம் வருஷத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று சென்னை மாகாணத்துக்கு வந்தது. அதிகாரத்தைப் பறித்துக்கொண்டு கடமையைச் சட்டம் போட்டு வாங்க முயன்ற அம்முறை வெற்றி பெறவில்லை. இதனை இன்றைய மந்திரிகளும் உத்தியோகஸ்தர்களும் நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

ஏனெனில், சுயராஜ்யத்திலும் இதே தவறு வேறு உருவத்தில் தொடர்ந்திருக்கிறது. 2017-ம் வருஷத்தில் தமிழ்நாட்டு சர்க்கார் குடிமராமத்தைப் புதுப்பித்தது. முதல் தவணையாக 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ உழைப்பாகவோ பொருளாகவோ தரவேண்டும் என்பது ஏற்பாடு. நோக்கம் நல்லதே, பல கண்மாய்களில் வண்டல் எடுக்கப்பட்டதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கண்மாய், எவ்வளவு செலவு என்று நிர்ணயித்தது பொதுப்பணி இலாகா. விவசாயிகள் சங்கத்தின் பெயரில் காண்டிராக்டர்களே வேலை செய்தார்கள் என்ற புகாரும் பல இடங்களில் எழுந்தது. இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. குடிமராமத்து புத்துயிர் பெற்ற அந்த வருஷத்தில் தமிழ்நாட்டில் குடிகள் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்து ஒன்றுகூட இல்லை! 2016 அக்டோபரில் பழைய பஞ்சாயத்துகளின் காலம் முடிந்தது. விருதுநகர் உள்ளிட்ட 27 ஜில்லாக்களின் கிராமங்களில் 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது.

இதனால் நேர்ந்த நஷ்டம் பெயரளவில் நிற்கவில்லை. தேர்தல் நடத்தாத காரணத்தால் நிதிக் கமிஷன் சிபாரிசு செய்த மானியத்தை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. 15-வது நிதிக் கமிஷன் 2021 முதல் 2026 வரையிலான ஐந்து வருஷங்களுக்குத் தேசத்தின் கிராம ஸ்தல ஸ்தாபனங்களுக்கென 2,36,805 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் 60 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்கென்றே கட்டிவைக்கப்பட்டது. கரிசல் கிராமத்துக்கு இதைவிட உகந்த பணம் எது? அதற்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இருக்கவேண்டும் என்பதே நிபந்தனை. இவ்வளவு அனுபவத்துக்குப் பிறகும், 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துகளின் காலம் 2025 ஜனவரி 5-ம் தேதி முடிந்தபோது, மறுபடியும் தனி அதிகாரிகளே பொறுப்பேற்றார்கள். பஞ்சாயத்தின் காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்கவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு சொல்லுகிறது. சட்டம் ஏட்டில் இருக்க, கிராமத்தின் பை அதிகாரியின் கையில் இருந்தது.

பஞ்சாயத்துக்காரர்களிடம் பணத்தைக் கொடுத்தால் விரயமாகும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். இந்தியருக்குச் சுயாட்சி கொடுக்கலாகாது என்று வெள்ளையர் சொன்ன வாதமும் இதுவே. பஞ்சாயத்தில் ஊழல் இல்லை என்று நாம் வாதிக்க வரவில்லை. ஆனால் பஞ்சாயத்துத் தலைவர் கிராம சபையில் நின்று பதில் சொல்லவேண்டும். ஐந்து வருஷத்தில் ஓட்டுக் கேட்டும் வரவேண்டும். மாற்றலாகிப் போகும் அதிகாரியிடம், தோண்டாத கண்மாயைக் காட்டி எந்தக் குடியானவன் கணக்குக் கேட்பான்? அண்டையிலுள்ள கேரளத்தில் 1996-ம் வருஷத்து ஜனகீயத் திட்டம் மாகாணத் திட்டச் செலவில் 35 முதல் 40 சதவீதம் வரையில் ஸ்தல ஸ்தாபனங்களின் பொறுப்பில் விட்டது. அங்கே குறைகள் தோன்றாமல் இல்லை. எனினும் அந்த ராஜ்யம் அதனால் திவாலாகிவிடவில்லை.

நகரத்துக்கும் கிராமத்துக்கும் உள்ள வழக்கையும் கவனிக்கவேண்டும். விருதுநகரின் சாக்கடை நீர் கௌசிகா நதியில் கலந்து, கீழே குல்லூர்சந்தை நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேர்ந்து வந்திருக்கிறது. நகரசபை ஒன்று அழுக்குச் செய்ய, கிராமப் பஞ்சாயத்துகள் அதைக் குடிக்கவேண்டுமா? தண்ணீரைப் பங்கிடுவதையும் சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பதையும் நகரமும் கிராமமும் சேர்ந்து யோசிப்பதற்காகவே அரசியல் சட்டத்தின் 243-இசட்-டி பிரிவு ஜில்லாத் திட்டக் கமிட்டியை ஏற்படுத்தியது. 2021-ல் சிவகாசியும் திருத்தங்கலும் இணைந்து மாநகராட்சியான பிறகு இந்தக் கமிட்டியின் அவசியம் அதிகப்பட்டிருக்கிறது. உயிருள்ள சபையாக அது கூடி, ஒவ்வோர் ஓடைக்கும் மேலேயும் கீழேயும் உள்ளவர்களை ஒரே மேஜையில் உட்காரவைக்க வேண்டும்.

நாம் கேட்பவை அதிகமல்ல. காலம் முடிவதற்குள் தேர்தல். தொழில் நிற்கும் பஞ்சாயத்துக்கு அத்தொழில் தரும் வரியில் ஒரு பங்கு. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேற்பட்டதால் நீர்வள இலாகாவிடம் சேர்ந்த கண்மாய்களின் மராமத்திலும் கிராம சபையின் சம்மதம். செலவுக் கணக்கைக் கண்மாய்க் கரையிலேயே பலகையில் எழுதி வைப்பது. இவை நான்கும் சட்டத்துக்கோ சம்பிரதாயத்துக்கோ விரோதமானவை அல்ல.

விருதுநகர் காமராஜர் பிறந்த ஊர். அவர் முதன்மந்திரியாக இருந்தபோதுதான் 1958-ம் வருஷத்துச் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. பஞ்சாயத்து யூனியன்கள் தோன்றின. சிறு கண்மாய்கள் அவற்றின் பொறுப்பில் வந்தன. அந்த மண்ணில் தேசத் தொண்டு புரிகிறவர்கள் அவர் சிலைக்கு மாலை போடுவதோடு நின்றுவிடலாகாது. தத்தம் ஊர்க் கிராம சபைக்குச் சென்று, கண்மாய்க்கு வந்த பணம் எவ்வளவு, போன பணம் எவ்வளவு என்று எழுந்து நின்று கேட்கவேண்டும். அடுத்த ஐப்பசி மழை அதிகாரிகளின் சௌகரியத்துக்காகக் காத்திராது. கரை உயர்ந்திருந்தால் தண்ணீர் நிற்கும். இல்லையேல் மழை பெய்தும் ஊர் வறண்டே கிடக்கும்.