ஒப்பு ரகம் இல்லாத திடல்: மாணவர் ஆய்வுப் பயிற்சியை மதிப்பிடுவது எப்படி?

காவிரிப் படுகையில் ஒரு புதிய நெல் ரகம் உழவரின் கைக்கு வருவதற்கு முன், 1922இல் தொடங்கப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலும், பின்னர் உழவர்களின் நிலங்களில் அமைக்கப்படும் ஆய்வுத் திடல்களிலும் பல பருவங்கள் சோதிக்கப்படுகிறது. அச்சோதனையில், ஏற்கெனவே பரவலாகப் பயிராகும் ரகம் ஒன்றும் ‘ஒப்பு ரகம்’ என்ற பெயரில் அதே மண்ணில், அதே நீரில், அதே நாளில் அருகிலேயே நடப்படும். புதிய ரகம் தன் தன்மையால் மிகுதியாக விளைந்ததா, அல்லது அந்த ஆண்டு மழையும் மேட்டூர் நீரும் வாய்த்ததால் எல்லா ரகங்களுமே நன்றாக விளைந்தனவா என்பதைப் பிரித்துக் காட்டுவது அந்த ஒப்பு ரகம்தான். நெல்லுக்கு இவ்வளவு கவனம் செலுத்தும் இதே மண்ணில், இளநிலை மாணவர்களுக்கான ஆய்வுப் பயிற்சிகளை மதிப்பிடும்போது இந்த ஒப்பீடு பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

ஈச்சங்கோட்டை, கீழ்வேளூர் போன்ற வேளாண்மைக் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்கள் கிராமங்களில் தங்கி, உழவர்களோடு பழகி, வயல்வெளிச் சிக்கல்களை அறிந்துகொள்ளும் ‘ஊரக வேளாண் பணி அனுபவம்’ இத்தகைய பயிற்சிகளில் படுகை மக்கள் நேரில் காணக்கூடிய ஒன்று. தெருவில் வண்ணப்பொடியால் ஊரின் வரைபடத்தை வரைந்து, வாய்க்கால், குளம், களம் ஆகியவற்றை மக்களே சுட்டிக்காட்டச் செய்யும் பங்கேற்பு மதிப்பீட்டையும், விதைநேர்த்திச் செயல்விளக்கத்தையும் இம்மாணவர்கள் நடத்துவதை நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்கள் அடிக்கடி வெளியிடுகின்றன. 2015ஆம் ஆண்டு சூலையில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அறிமுகப்படுத்திய ‘ஸ்டூடன்ட் ரெடி’ திட்டத்தில் இப்பணி அனுபவமும் மாணவர் ஆய்வுத் திட்டமும் உறுப்புகளாக இடம்பெற்றன. கலை அறிவியல் கல்லூரி மாணவர்களுக்கோ, தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் ஆய்வு நிதியும், இந்திய அறிவியல் கழகங்கள் வழங்கும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகையும் வாயில்களாக உள்ளன.

இப்பயிற்சிகள் பயன் தந்தனவா என்று அறிய வழக்கமாகப் பார்க்கப்படுபவை வருகைப் பதிவு, பதிவேடு, வாய்மொழித் தேர்வு, நடத்திய செயல்விளக்கங்களின் எண்ணிக்கை, இறுதியில் மாணவர் நிரப்பித் தரும் கருத்துப் படிவம் ஆகியவை. இவற்றுள் கருத்துப் படிவம் உலகெங்கும் கையாளப்படுகிறது. அமெரிக்காவின் கிரின்னல் கல்லூரியைச் சேர்ந்த டேவிட் லொபாட்டோ 2004இல் வெளியிட்ட ஆய்வில், 41 நிறுவனங்களைச் சேர்ந்த 1,135 மாணவர்கள் தாம் பெற்ற பயனைத் தாமே மதிப்பிட்டிருந்தனர். பெரும்பாலோர் நிறைவே தெரிவித்தனர். ஆனால் மார்சியா லின் தலைமையிலான குழுவினர் 2015இல் ‘சயின்ஸ்’ இதழில் இத்துறையின் 60 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, பாதிக்கு மேற்பட்டவை மாணவரின் சொந்தக் கூற்றையே சான்றாகக் கொண்டிருந்தன என்பதும், ஆய்வுத் திறனோ கருத்துப் புரிதலோ வளர்ந்ததா என்று நேரடியாக அளந்தவை நான்கு மட்டுமே என்பதும் வெளிப்பட்டன. மாணவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பது இதன் பொருளன்று. தரவு திரட்டுவது எளிது என்று பயிற்சிக்கு முன் எண்ணியவர், அதன் கடினத்தை உணர்ந்தபின் தமக்குக் குறைந்த மதிப்பெண்ணே இட்டுக்கொள்ளக்கூடும்; அத்தகையவரிடம் மதிப்பெண் குறைந்திருப்பதே கற்றதன் அடையாளம்.

இதைவிடப் பெரிய இடர், யார் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்பதில் உள்ளது. நான்காண்டு இளநிலைப் படிப்பின் இறுதியாண்டில் ஆய்வைத் தேர்ந்துகொள்ள, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டுச் சட்டகம் கூறுகிறது. ஏற்கெனவே முன்னணியில் உள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டு, பின்னர் அவர்கள் முதுநிலைப் படிப்புக்குச் சென்றதைப் பயிற்சியின் வெற்றியாகக் கணக்கிடுவது, தலைமடை வயலின் விளைச்சலை மட்டும் காட்டி விதையைப் புகழ்வதற்கு ஒப்பாகும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இளநிலை ஆய்வுத் திட்டத்தை மதிப்பிட்டு 1998இல் வெளியான ஆய்வு இவ்விடரைத் தவிர்க்க முயன்றது. அது பங்கேற்றவர்களை, விண்ணப்பித்தும் இடம் பெறாத அவர்களையொத்த மாணவர்களோடு ஒப்பிட்டது. படிப்பை இடையில் கைவிடுவது குறைந்திருப்பது ஆப்பிரிக்க அமெரிக்க மாணவர்களிடத்தில் தெளிவாகத் தெரிந்தது என்பது அதன் முக்கியமான முடிவு. கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் அரசுக் கல்லூரிகளில் பயிலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளைப் பற்றிச் சிந்திப்பவர்கள் இம்முடிவை எளிதில் கடந்துபோக இயலாது. மதிப்பெண் வரம்பு ஒருவேளை மிகுதியாகப் பயன்பெறக்கூடியவர்களையே வாயிலில் நிறுத்திவிடுகிறதா என்ற கேள்வி இங்கும் சோதிக்கப்பட வேண்டியது.

நேரடியாக அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ‘புதிய இலைவழித் தெளிப்பால் குறுவையில் விளைச்சல் கூடியது என்று ஓர் உழவர் கூறுகிறார், இதை ஏற்பதற்கு முன் எவற்றை அறிய வேண்டும்?’ என்ற ஒரே வினாவைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் மாணவரிடம் தரலாம். தெளிக்காத பகுதி ஏதேனும் விடப்பட்டதா, இரண்டிலும் ரகமும் நடவு நாளும் ஒன்றா, எத்தனை வயல்களில் பார்க்கப்பட்டது, வயல் தலைமடையிலா கடைமடையிலா, அறுத்து எடைபோட்டது எந்த இடத்தில், அந்த இடத்தைத் தேர்ந்தது யார் என்றெல்லாம் கேட்கத் தெரிந்தவர் ஆய்வு முறையின் உட்பொருளைப் பற்றிக்கொண்டவர் ஆவார். விடைத்தாள் பயிற்சிக்கு முன் எழுதியதா பின் எழுதியதா என்று அறியாத இரு ஆசிரியர்கள் தனித்தனியே திருத்தினால் சார்பு குறையும். ஒரு வகுப்பை இரு அணிகளாகக் குலுக்கல் முறையில் பிரித்து, முதல் அணி கிராமத்துக்குச் செல்லும் காலத்தில் இரண்டாம் அணியையும் அதே வினாவுக்கு விடை எழுதச் செய்து, பின்னர் அவ்வணியையும் பயிற்சிக்கு அனுப்பினால், எவருடைய வாய்ப்பும் பறிபோகாமல் ஒப்பு அணி கிடைத்துவிடும்.

உழவர் தரப்பையும் கேட்க வேண்டும். முட்டை மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைத்த நீரில் விதைநெல்லைக் கொட்டி, மிதக்கும் பதரை நீக்கும் முறையையும், பயிரின் பசுமையை இலை வண்ண அட்டையோடு ஒப்பிட்டுத் தழைச்சத்து இடும் முறையையும் மாணவர்கள் செய்து காட்டுகிறார்கள். எத்தனை பேர் கூடினார்கள் என்பது பதிவேட்டில் ஏறுகிறது. அடுத்த சம்பாவில் எத்தனை பேர் அவற்றைக் கைக்கொண்டார்கள் என்பதை அறிய, அதற்குள் பட்டம் பெற்றுச் சென்றுவிட்ட மாணவர் திரும்பி வரப்போவதில்லை. அடுத்த ஆண்டின் அணியை அதே ஊருக்கு அனுப்பி, செயல்விளக்கத்துக்கு வந்தவர்களிடமும் வராத பக்கத்துத் தெருக்காரர்களிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கச் செய்தால், கல்லூரிக்குத் தன் பயிற்சியின் உண்மையான கணக்கு கிடைப்பதோடு, அந்த மாணவர்களுக்கும் மாதிரி எடுத்தல், ஒப்பிடுதல், முடிவு காணுதல் ஆகியவற்றில் முழுமையான ஓர் ஆய்வுப் பயிற்சி அங்கேயே அமைந்துவிடும்.