ஓடும் நீரில் நிற்கும் வடிவம்

கோலா குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சிலாங்கூர் அணைக்கட்டின் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கேமராவுக்கு உண்மையான வேலை அணைக்குக் கீழேதான். ரப்பர் படகு விடுகிறவர்கள் தேடி வரும், பாறைகள் நிறைந்த ஆறு அது.

அங்கே ஏதாவது ஒரு பாறையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். தண்ணீர் அதன்மேல் ஏறி, வழுக்கி வேகமாக இறங்கி, கீழே மெதுவாகப் போகும் நீரில் மோதி மேடாக எழும்புகிறது. அந்த மேடு நகர்வதில்லை. அதில் இருந்த தண்ணீர் எங்கோ கீழே போயிருக்கும். மேடு மட்டும் அப்படியே. இதே ஆறு கடலில் சேரும் கோலா சிலாங்கூரில் கதை தலைகீழ். அலை கரையை நோக்கி வருகிறது. ஆழமான இடத்தில் நீரோ ஏறக்குறைய இருந்த இடத்திலேயே சுழன்று ஏறி இறங்குகிறது. ஆற்றில் நீர் போகிறது, வடிவம் நிற்கிறது. கடலில் வடிவம் போகிறது, நீர் நிற்கிறது. நீரைப் படமெடுக்க இதைவிட உதவும் பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

மெதுவான ஷட்டர் வைத்தால் ‘ஓட்டம் தெரியும்’ என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓடுவதையெல்லாம் அது கரைத்துவிடுகிறது. நிற்பதைத்தான் மிச்சம் வைக்கிறது. மர நிழலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16, கால் நொடி. சிதறும் நுரை மெல்லிய கோடுகளாகும், பாறைக்குப் பின்னால் எழும்பிய மேடு சிற்பம்போல் துலங்கும். பல நொடிகளுக்கு நீட்டினால் எல்லாமே பஞ்சுப்பொதி. அருவிப் படங்களில் அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. கடலில் டிரைபாடை நிறுத்திவைத்து வடிவத்தைப் பிடிக்க முடியாது. அலையோடு கேமராவையும் நகர்த்தி 1/15 நொடியில் எடுத்தால், பட்டை பட்டையாக நிறங்கள் கிடைக்கும்.

1/2000 நொடி வேறு உலகம். அங்கே எல்லாம் தற்செயல். ஆங்கிலேய இயற்பியலாளர் ஆர்தர் வொர்திங்டன், துளி விழுந்து தெறிப்பதை மின்பொறி வெளிச்சத்தில் கண்ணால் பார்த்து வருடக்கணக்காக வரைந்தவர். அவர் வரைந்த தெறிப்புகள் அழகாக, எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருந்தன. 1890களில் புகைப்படம் எடுக்கத் தொடங்கியதும்தான் ஒவ்வொரு தெறிப்பும் கோணலும் மாணலுமாக இருப்பது தெரிந்தது. 1908ல் வெளியான அவருடைய புத்தகத்தில் அந்தப் படங்கள் இருக்கின்றன. பின்னாளில் அமெரிக்காவின் ஹரால்ட் எட்ஜர்டன் 1957ல் எடுத்த பால்துளிக் கிரீடம் உலகப் புகழ் பெற்றது.

கரை, வானம், மரம் எதுவும் சட்டகத்துக்குள் வராமல் நீண்ட லென்ஸால் நீரை மட்டும் வெட்டியெடுங்கள். அளவு தெரியாமல் போனால் பார்ப்பவர் வடிவத்தைப் பார்ப்பார். தெளிந்த நீரில் போலரைசர் பளபளப்பை நீக்கி அடிக்கற்களைக் காட்டிவிடும். இந்த வேலைக்கு அது வேண்டாம். பச்சை மரமும் நீல வானமும் நீரில் விழும் நிறம்தான் நமக்கு மூலதனம். மழை பெய்து ஆறு தே தாரேக் நிறத்துக்கு மாறினால் பலர் கேமராவை மூடிவிடுகிறார்கள். நான் அப்போதுதான் திறப்பேன். கலங்கிய நீரில் அடி தெரியாது, மேற்பரப்பின் மேடு பள்ளம் மட்டும் தெரியும்.

அந்தக் கலங்கலுக்கு இந்த ஊரில் பழைய கணக்கு உண்டு. 1883ல் அப்போதிருந்த ஒரு பழைய அணை உடைந்து பழைய கோலா குபுவை வெள்ளம் அடித்துப்போனது. மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங்கும் இறந்தார். பிறகு ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த வண்டல் ஆற்றின் படுகையை உயர்த்த, வெள்ளம் மறுபடி மறுபடி ஊருக்குள் புகுந்தது. கடைசியில் ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள். சார்லஸ் ரீட் திட்டமிட்ட பூங்கா நகரம்தான் இன்றைய கோலா குபு பாரு.

சிலிங் அருவிப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. ‘கெப்பாலா ஆயேர்’ என்று இங்கே சொல்லும் திடீர் வெள்ளம் முன்னறிவிப்போடு வருவதில்லை. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மலையில் கொட்டிக்கொண்டிருக்கலாம். தெளிந்த நீர் சட்டென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ டிரைபாடோடு உடனே கரையேறுங்கள். லென்ஸைக் கழற்றிப் பைக்குள் வைப்பதெல்லாம் மேலே போன பிறகு.