பெயர் நிலைத்தது, கதை கரைகிறது

புது தில்லி: ஹைதராபாதில் ஏ.எஸ். ராவ் நகருக்கு வழி கேட்டால் ஆட்டோ ஓட்டுநர்கள் உடனே சொல்லிவிடுவர். அந்த ஏ.எஸ். ராவ் யார் என்று கேட்டால் விடை சொல்வோர் குறைவு.

அணுசக்தித் துறையின் கீழ் 1967-ல் அங்கு தொடங்கப்பட்ட ஈ.சி.ஐ.எல். என்ற பொதுத்துறை நிறுவனத்தை உருவாக்கிய விஞ்ஞானி அவர். 1962 சீனப் போர், மின்னணுத் துறையில் நாடு எவ்வளவு பின்தங்கியிருந்தது என்பதை உணர்த்தியது. ஹோமி பாபா தலைமையில் அமைந்த குழு தற்சார்புக்கு வழி வகுத்தது. டிராம்பேயில் உருவாகி 1969-ல் இயங்கத் தொடங்கிய டி.டி.சி-12 கணினியையும், அதன் வழிவந்த டி.டி.சி-312, டி.டி.சி-316 ஆகியவற்றையும் ஈ.சி.ஐ.எல். தயாரித்தது. ஐ.பி.எம். நிறுவனம் 1978-ல் இந்தியாவைவிட்டு வெளியேறியபோது, உள்நாட்டிலேயே கணினி செய்யத் தெரிந்த கைகள் இங்கு இருந்தன.

அந்தக் கைகளுக்கு உரியவர்கள் இன்று முதுமையில் உள்ளனர். 1969-ல் 25 வயதுப் பொறியாளராக இருந்தவர் இப்போது 80-ஐக் கடந்திருப்பார். இந்தியாவிலேயே உருவான 'டிஃப்ராக்' கணினியின் வடிவமைப்புக்குத் தலைமை வகித்த, சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் 2007-ல் மறைந்தார். மென்பொருள் துறையின் முன்னோடி எப்.சி. கோலி 2020-ல் காலமானார்.

நினைவுகளைத் திரட்டும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. பேராசிரியர் வி. ராஜாராமன் இந்தியக் கணினி வரலாற்றை நூலாக்கினார். இன்போசிஸ் இணை நிறுவனர் கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் முயற்சியால் 2016-ல் வெளியான 'இதிகாசா' செயலியில் முன்னோடிகளின் காணொளிப் பேட்டிகள் இடம்பெற்றன. ஆனால், இத்தகைய முயற்சிகளில் பெரிதும் ஒலிப்பது தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களின் குரலே. பற்றவைப்புக் கோலுடன் இரவெல்லாம் பிழை தேடியவர்களின் அனுபவம் யாரிடம் பதிவாகியுள்ளது?

இது வெறும் பழம்பெருமை அல்ல. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் முன்மாதிரியை உருவாக்கியதும் ஈ.சி.ஐ.எல்.தான். தேர்தல் ஆணையம் 1980-ல் அதை அரசியல் கட்சிகளுக்குக் காட்டியது. 1982-ல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் அத்தகைய இயந்திரம் முதன்முறையாகப் பயன்பட்டது. சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1984-ல் கூறியதும், பின்னர் சட்டம் திருத்தப்பட்டதும் ஆவணங்களில் உள்ளன. எந்த ஐயங்களை எண்ணி அந்த வடிவமைப்பைத் தேர்ந்தனர், எதைக் கைவிட்டனர் என்பதைச் செய்தவர்களே முழுமையாகச் சொல்ல முடியும். இயந்திரம் குறித்த வாதங்கள் ஓயாத நாட்டில் அந்தச் சாட்சியத்துக்கு மதிப்பு உண்டு.

1993-ம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. கோப்புகளைப் பேணுவது கடமை என்கிறது. கோப்பில் ஏறாத நினைவைத் தேடிச் சென்று பதிவு செய்யும் கடமை அதில் எவருக்கும் இல்லை. இதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. தேசிய ஆவணக் காப்பகமும் பொதுத்துறை நிறுவனங்களும் இணைந்து, ஓய்வுபெற்றோர் பட்டியலை எடுத்து, விவரம் அறிந்தவர்களை அனுப்பினாலே போதும்.

ஒரு நகருக்குப் பெயர் சூட்டியாகிவிட்டது. அந்தப் பெயருக்குப் பின்னால் உழைத்தவர்கள் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.